உழைப்பின் உயர்வும் உழைப்பவரின் உயர்வும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

இவ்வெள்ளி விழாவில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் உழைப்பு. உழைப்பைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நாற்று முடி சுமந்த தோளும், செங்கல் சுமந்த தலையும், தோல் பதனிட்ட கையும் நம்முடையவை. ஆயினும் உழைப்பைப் பற்றி ஏடுகள் என்ன சொல்கின்றன, ஊர் என்ன நினைக்கிறது, அவற்றைக் கேட்டுக் கேட்டு நாம் என்ன நினைக்கப் பழகியிருக்கிறோம் என்பதை ஆராய்தல் இன்றியமையாதது. ஏனெனில், நம் இளைஞர்கள் இரண்டு குரல்களுக்கு நடுவே நிற்கிறார்கள். ‘உழைப்பே உயர்வு’ என்று மேடை முழங்குகிறது. ‘படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்’ என்று வகுப்பறை அதட்டுகிறது. இவ்விரண்டனுள் எதை நம்புவது?

முதற்கண் இலக்கியத்தைக் காண்போம். தமிழ் இலக்கியம் உழைப்பைப் போற்றுவதில் குறை வைக்கவில்லை. திருக்குறளில் 104ஆம் அதிகாரம் உழவுக்கே உரியது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது, ஏரின் உறுப்புகளையும் உழவின் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே பாடுகிறது. ஆனால் அங்கே பாராட்டுப் பெறுபவர் ஏருக்கு உடையவரான வேளாளர். சேற்றில் இறங்கி நட்டவர்க்கும் களை பறித்தவர்க்கும் அப்பாராட்டில் எத்துணைப் பங்கு என்று கேட்க வேண்டியவர்கள் நாமே.

புறநானூற்றின் 82ஆம் பாடலை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்குச் சாத்தந்தையார் என்னும் புலவர் உவமை தேடுகிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால நோவு, மழையும் பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பிணிக்கும் தொழிலாளியின் கையில் ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அதனினும் விரைந்தது அப்போர் என்கிறார். அரசனின் வீரத்தை அளக்க ஒரு தோல் தொழிலாளியின் கைத்திறம் அளவுகோலாகிறது. இது பெருமையே. ஆனால் அத்தொழிலாளியைக் குறிக்க அப்பாடலில் நிற்கும் சொல் ‘இழிசினன்’ என்பது. கையின் திறம் உயர்ந்தது. கைக்கு உரியவன் இழிந்தவன்!

இதே முரணைப் பிற்காலத்திலும் காண்கிறோம். முக்கூடற்பள்ளில் நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் பண்ணைப் பள்ளன் அறிந்திருக்கும் அளவுக்கு வேறு எவரும் அறிந்திலர். அத்தனை அறிவும் உடையவனைத்தான் பண்ணைக்காரன் தொழுமரத்தில் மாட்டித் தண்டிக்கிறான். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாராகிய நந்தனார், கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் கொடுத்த பொருள் உள்ளே சென்றது. அவர் வெளியே நின்றார். உழைப்பின் பயனுக்குத் தீட்டு இல்லை, உழைத்தவருக்கே தீட்டு என்னும் இவ்வழக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறு வேண்டுமோ?

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். அலுவலகத்தில் வாங்குவது சம்பளம். வயலில் வாங்குவது கூலி. இரண்டும் உழைப்பின் விலையே எனினும் ஒன்றைச் சொல்லும்போது தலை நிமிர்கிறது, மற்றொன்றைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. நாற்பது ஆண்டுகள் கட்டடம் கட்டிய முதியவரைப் பத்து வயதுச் சிறுவன் ‘வா, போ’ என்கிறான். அதே சிறுவன் நேற்றுப் பணியில் சேர்ந்த எழுத்தரை ‘ஐயா’ என்கிறான். மாடு மேய்ப்பதை ஏளனமாகச் சொல்லும் ஆசிரியரின் எதிரில், மாடு மேய்ப்பவரின் பிள்ளை அமர்ந்திருக்கிறது. அச்சொல் அப்பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்யும்? வகுப்பைக் கூட்டவும் கழிப்பறையைக் கழுவவும் நம் பிள்ளைகளையே தேர்ந்து அனுப்பும் வழக்கம் சில பள்ளிகளில் இருந்ததை நாம் அறிவோம். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துக் கூட்டினால் அது தொழிற்கல்வி. ஒரு சாராரின் பிள்ளைகள் மட்டும் கூட்டினால் அது தீண்டாமை. விளக்குமாறு ஒன்றுதான், பொருள் வேறு.

இதன் வேரை அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் எடுத்துக்காட்டினார். சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமன்று. தொழிலாளரையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது என்பது அவர் கருத்து. அவர் கண்ட மெய்ந்நிகழ்ச்சி ஒன்றுண்டு. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அறுந்த நூலை எச்சிலால் நனைத்து இணைக்க வேண்டியிருந்தமையால், தீட்டு என்று சொல்லி அப்பிரிவில் நம்மவரைச் சேர்க்கவில்லை. ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே வியர்வை. ஆயினும் நல்ல கூலி கிடைக்கும் கதவு மட்டும் மூடியிருந்தது. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதனைத் தொழிற்சங்கத்தார் முன் வழக்காக வைத்தார்.

உழைப்பைப் புகழும் சொல்லே சில வேளைகளில் விலங்காகவும் ஆகும். அன்றைய சென்னை மாநிலத்தில் 1953இல் தொடக்கக் கல்வித் திட்டமொன்று கொண்டுவரப்பட்டது. நாட்டுப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். தொழிலின் மேன்மையே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மக்கள் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சிப் பொறுப்பேற்றபின் அது கைவிடப்பட்டது. தொழில் பழகுவது தீதா? இல்லை. தந்தையின் தொழிலுக்கே மகன் என்று பிறப்பிலேயே கணக்கு எழுதி முடிப்பதுதான் தீது.

ஆகவே, ஒரு சமுதாயம் உழைப்பை மெய்யாகவே மதிக்கிறதா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்போம். முதலாவது, உழைப்பவருக்கு உரிய கூலி உண்டா? இரண்டாவது, உயிருக்குப் பாதுகாப்பு உண்டா? மூன்றாவது, அத்தொழில் வேண்டாம் என்று விலகி வேறு தொழிலை ஏற்கும் உரிமை உண்டா?

கூலி கேட்டதன் விலையை 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணி கண்டது. 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. அதன் பின்னரே, 1969இல், உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்ததோடு, பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்தது நன்றே. ஆனால் இறக்காமல் இருப்பதே மதிப்பு. ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயரை மாற்றிப் பொன்னாடை போர்த்திவிட்டு, மறுநாள் அவரைத் தொட்டிக்குள் இறங்கச் சொல்வது மதிப்பாகாது.

மூன்றாவது கேள்விக்கு விடை கல்வி. திருவிதாங்கூரில் அய்யன்காளி (1863–1941) என்னும் பெருமகனார், தாம் எழுத்தறியாதவராயினும், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். வயல்கள் தரிசாகக் கிடந்தன. உழைப்பின் வலிமை இன்னதென்று உழைத்தபோது ஊர் உணரவில்லை. உழைப்பை நிறுத்தியபோதுதான் உணர்ந்தது. அந்த வலிமையை அவர் பிள்ளைகளின் கல்விக்காகவும் செலவிட்டார் என்பதை ஒரு கல்விச் சங்கம் மறக்கலாகாது.

பிறரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வதே நேர்மை. இமையம் 1994இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் படியுங்கள். ஒடுக்கப்பட்டோரின் துணியை வெளுத்து, அவர்களிடமே சோறு பெற்று வாழும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் கதை அது. நமக்குக் கீழே ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம் நம் தெருவிலும் நுழைந்ததை அந்நூல் ஒளிக்காமல் காட்டுகிறது. நம் வீட்டுப் பெண்களின் நிலை என்ன? நடவிலும் களையெடுப்பிலும் குனிந்த முதுகு அவர்களுடையது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் இயற்றப்பட்டும், பெண் கூலி ஆண் கூலியினும் குறைவு என்பதை ஊர் இயல்பாகவே எடுத்துக்கொண்டது. வயலிலிருந்து இருவரும் ஒன்றாகத் திரும்புகின்றனர். ஒருவர் திண்ணையில் அமர்கிறார், மற்றவர் அடுப்பை மூட்டுகிறார். அடுப்படி வேலைக்குக் கூலியும் இல்லை, வேலை என்னும் பெயரும் இல்லை. அதனை மாற்ற அரசாணை எதற்கு?

இளைஞர்களே, விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடம் வரும்போது கை தயங்க வேண்டாம். கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே எழுதுங்கள். அந்தக் கூலியில்தான் உங்கள் பேனா வாங்கப்பட்டது. அதே வேளையில், அத்தொழிலிலேயே நீங்களும் நிற்க வேண்டும் என்று எவரேனும் தொழிலின் பெருமை பேசினால், அப்பெருமையை முதலில் அவர் பிள்ளைகளுக்கு வழங்கச் சொல்லுங்கள். கைத்தொழிலைக் கற்பதாயின் நீங்களே தேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்றதற்கு முழு விலை கேளுங்கள். பாதுகாப்பில்லாத தொட்டிக்குள் எத்துணைப் பணம் கொடுத்தாலும் இறங்காதீர்கள்; நம்மவர் எவரையும் இறங்க விடாதீர்கள். பட்டம் பெற்று நாற்காலியில் அமர்ந்தபின், உங்கள் முன் கைகட்டி நிற்கும் முதிய தொழிலாளியை அமரச் சொல்லி, ‘ஐயா’ என்று அழைத்துப் பேசுங்கள்.

நம் முன்னோர் உழைத்தனர். அவ்வுழைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்க்கு இல்லை. இச்சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணியின் பொருள் நம் பிள்ளைகளை உழைப்பிலிருந்து விடுவிப்பதன்று. எந்த உழைப்பு என்பதை அவர்களே தீர்மானிக்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டுசெல்வதே. அப்பணி வளர்க, அதற்குத் தோள் கொடுப்போர் பெருகுக.