விமான அறையின் காற்றழுத்தம்: குறை காணும் முறை

    

இவ்வெள்ளி விழாவில் வாழ்த்துரையோடு நில்லாமல், மாணவர்களுக்குப் பயன்படும் தொழிற்செய்தி ஒன்றைக் கூறுமாறு கழகத்தார் பணித்தனர். ஆகவே, சிறிய தனியார் விமானங்களில் அறைக் காற்றழுத்தம் குறைந்தால் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் காற்று 14.7 பவுண்டு அழுத்துகின்றது. 18,000 அடி உயரத்தில் அது பாதியாகின்றது. 25,000 அடியில் 5.45 பவுண்டுதான். அவ்வுயரத்தில் பிராணவாயுக் கருவியின்றி மனிதன் தெளிவுடன் செயற்படக்கூடிய நேரம் 3 முதல் 5 நிமிடங்கள். 35,000 அடியிலோ 1 நிமிடத்திற்குள் முடிந்துவிடும். இதில் கொடுமை யாதெனில், அறிவு மங்குவதை மங்குகின்ற அறிவு உணர்வதில்லை. எல்லாம் நன்றாக இருப்பதாகவே அவன் எண்ணிக்கொண்டிருப்பான். ஆகவே அறையின் உயரம் 10,000 அடியைத் தாண்டும்போது எச்சரிக்கை தரும் கருவி வைக்கப்பட்டுள்ளது. அது ஒலித்தவுடன் விமானி செய்ய வேண்டியது ஆராய்ச்சியன்று. முகமூடியை அணிந்து கீழே இறங்குவதே. ஆராய்ச்சி தரையில் நம்முடைய வேலை.

1983-இல் சான்று பெற்ற பைப்பர் மாலிபு என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் டர்போசார்ஜர் அழுத்தும் காற்றில் ஒரு பகுதி, குளிர்விக்கப்பட்டு அறைக்குள் வருகின்றது. அறையின் அழுத்தம் வெளியழுத்தத்தைவிட 5.5 பவுண்டு வரை கூடுதலாக இருக்கலாம். 25,000 அடியில் 5.45-உடன் 5.5-ஐக் கூட்டினால் 10.95. அஃது ஏறத்தாழ 8,000 அடி மலைமேல் நிலவும் அழுத்தம். மனிதன் இயல்பாக மூச்சுவிடலாம்.

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் நீர் நிற்கவில்லையென்றால் காரணம் மூன்றே: வரத்துக்காலில் நீர் குறைவு, கரையில் கசிவு, மதகு சரியாக மூடவில்லை. விமான அறைக்கும் இம்மூன்றே. வரத்துக்கால் என்பது டர்போசார்ஜரும் குழாய்களும். கரை என்பது விமானத்தின் உடலும் கதவும். மதகு என்பது காற்றை அளவாக வெளிவிடும் வால்வு.

முதலில் அளவுமானிகள் மெய் பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தரையில் கதவு திறந்திருக்கும்போது அழுத்த வேறுபாட்டு மானி சுழியில் நிற்க வேண்டும். பிறகு விமானியைக் கேட்க வேண்டும். எந்த உயரத்தில்? எஞ்சின் எவ்வளவு விசையில் இருந்தது? அழுத்தம் ஏறவே இல்லையா, ஏறி இறங்கியதா, ஊசலாடியதா?

தொடக்கத்திலிருந்தே ஏறவில்லையெனில் சுவிட்சும், காற்றுக் கைப்பிடியும், கதவும் சரியாக உள்ளனவா என்று பார்க்கலாம். எஞ்சின் விசையைக் குறைக்கும்போது அழுத்தம் சரிந்து, கூட்டும்போது மீண்டால், வரத்துப் போதவில்லை அல்லது கசிவு மிகுதி. குழாயின் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். ஒருவழி வால்வு சிக்கியிருக்கலாம். அழுத்தம் ஊசலாடிக் காது வலித்தால் மதகைப் பாருங்கள். விமானத்தினுள் புகைபிடிக்கும் வழக்கமிருந்தால் புகையிலைப் பிசின் வால்வில் படிந்து ஒட்டிக்கொள்ளும். கட்டுப்பாட்டுக் கருவியின் சிறு வடிகட்டி அடைபட்டாலும் இதே குறை தோன்றும்.

கசிவைக் காண்பதற்குத் தரையிலேயே வெளியிலிருந்து காற்றூட்டிச் சோதிப்பார்கள். கதவின் ரப்பர் விளிம்பு, அவசர வழி, சன்னல் ஓரம், கம்பிகள் தடுப்புச் சுவரைக் கடக்கும் துளைகள் ஆகிய இடங்களில் சோப்பு நீர் தடவினால் குமிழி எழும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். 4 அடி உயரமும் 2 அடி அகலமும் உள்ள கதவின் பரப்பு 1,152 சதுர அங்குலம். அதன்மீது 5.5 பவுண்டு வீதம் 6,336 பவுண்டு. ஏறத்தாழ 2,870 கிலோ! ஆகவே கதவுக்கு எதிரே ஒருவரும் நிற்றலாகாது. அழுத்தத்தைப் படிப்படியாகவே ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் நூலில் குறித்த அளவைத் தாண்டலாகாது.

இவை யாவும் கைவேலை. இவற்றினும் பெரிதான ஒரு வேலை உண்டு. அதனை ஒரு துயர நிகழ்ச்சியால் விளக்குகின்றேன்.

1999 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரிலிருந்து டல்லாசுக்கு லியர்ஜெட் 35 வகைச் சிறு விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் இருந்தோர் அறுவர்; கோல்ஃப் வீரர் பெயின் ஸ்டூவர்ட் அவர்களுள் ஒருவர். சிறிது நேரத்தில் விமானத்திலிருந்து மறுமொழி நின்றது. அருகே பறந்து சென்ற போர் விமானிகள், கண்ணாடிகளில் உறைபனி படிந்திருக்கக் கண்டனர். ஏறத்தாழ 4 மணி நேரம் தானாகவே பறந்த அவ்விமானம், எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோட்டா மாநிலத்தின் வயல்வெளியில் வீழ்ந்தது. அறுவரும் மாண்டனர்.

அறை அழுத்தம் இழந்தபின் விமானிகளுக்குப் பிராணவாயு கிட்டவில்லை என்று விசாரணை வாரியம் முடிவு கூறியது. அழுத்தம் ஏன் இழந்தது என்பதை அதனால் உறுதிசெய்ய இயலவில்லை. விபத்துக்கு முந்தைய மாதங்களில் அவ்விமானத்தின் அழுத்த அமைப்பில் பலமுறை பழுது பார்க்கப்பட்டிருந்தது. மாற்றிய பாகங்கள் பதிவேட்டில் இருந்தன. ஆனால் எந்தக் குறையைச் சொல்லி விமானி வந்தார், அக்குறை எத்தனை முறை எழுந்தது என்பன பதிவாகவில்லை. ஆகவே அத்தனை பழுதுகளும் ஒரே நோயின் அறிகுறிகளா என்று அறிய வழியில்லாமற் போயிற்று.

மாணவச் செல்வங்களே! பாகத்தை மாற்றுவது பாதி வேலை. குறையை எழுதி வைப்பது மறுபாதி. நாளும், உயரமும், அளவும், கண்டதும், செய்ததும், செய்தபின் சோதித்து அறிந்ததும் எழுத்தில் இருக்க வேண்டும். "சரியாகிவிட்டது" என்ற ஒரு சொல் பதிவாகாது. சோதித்து அறியாததற்குக் கையெழுத்திடவும் கூடாது. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் கூடாது.

எழுத்தை நம்மிடமிருந்து விலக்கி வைத்த சமுதாயம் இது. நம் முன்னோர் ஏரிக்கரையைக் காத்தனர், மதகைத் திறந்தனர், எங்கே கசிகின்றது என்பதை அவர்களே அறிவர். ஆயினும் அவர்கள் கண்டதை ஏட்டில் எழுதும் உரிமை வேறொருவரிடம் இருந்தது. இன்று அந்த எழுதுகோல் உங்கள் கையில் இருக்கின்றது. உங்கள் கையெழுத்தை நம்பி, உங்கள் பெயரும் அறியாத மனிதர் 25,000 அடி உயரத்தில் மூச்சுவிடக்கூடும். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக உங்களை ஆக்குவதே இக்கழகத்தின் பணி.