உடலுக்கும் உரிமை உண்டு
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஹலாலான சம்பாத்தியத்திற்காகப் பாடுபடுவதன் சிறப்பை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்த உழைப்பே ஒரு மனிதனை உள்ளிருந்து கருக்கிவிடுவதும் உண்டு என்பதைப் பேசுவதில்லை. இன்று அதனைக் குறித்துச் சில வார்த்தைகள்.

பணியினால் வரும் இந்த மனச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது. இதனை நோய் என்று அது கூறவில்லை; சமாளிக்கப்படாமல் நீடித்த பணி நெருக்கடியின் விளைவு என்றே கூறுகிறது. அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்பும் விலகலும், செய்யும் திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுதல்.

சாதாரணக் களைப்பு ஒரு நல்ல உறக்கத்தில் தீர்ந்துவிடும். இது விடுமுறை கழிந்தும் தீராது. கடையைத் திறக்கும்போதே மனம் கனக்கும். வாடிக்கையாளரிடம் காட்ட முடியாத எரிச்சல் வீட்டில் மனைவி மக்கள்மீது இறங்கும். தொழுகையில் உடல் நிற்கும், உள்ளம் நிற்காது. இதனைச் சோம்பல் என்றும் ஈமானின் பலவீனம் என்றும் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அவ்வாறு கூறியவர்களில் நாமும் அடக்கம். ஆலோசனை கேட்டு வந்த ஓர் இளைஞரிடம் 'சபர் செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று கேட்கத் தவறினோம்.

மார்க்கம் காட்டும் வழி வேறு. அபுத் தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார்கள். விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் அவர்களை உண்ணச் செய்து, உறங்கவும் செய்து, இரவின் கடைசிப் பகுதியிலேயே தொழுகைக்கு எழுப்பினார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமைகள் உள்ளன, அவரவர்க்கு உரியதைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே, சோர்வு வரும்போது பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதனை அவிழ்த்துவிடச் சொன்ன நபியவர்கள், உற்சாகம் உள்ளவரை தொழுது, சோர்ந்தால் அமர்ந்துகொள்ளுமாறு கூறினார்கள். வணக்கத்திலேயே இந்தச் சலுகை என்றால், வியாபாரத்தில் எவ்வளவு வேண்டும்!

எனவே முதலாளிமார்களான நம் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பணியாளர்மீது அவர் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிகளாரின் கட்டளை. கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் எனத் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. நம் மஹல்லாவில் எத்தனை கடைகளில் அந்த இருக்கை உள்ளது? லுஹர் தொழுகைக்கும் பகல் உணவுக்கும் முறைவைத்து அனுப்புங்கள். வார விடுமுறையைத் தடுக்காதீர்கள்.

உழைக்கும் சகோதரர்களே! சோர்வை மறைக்காதீர்கள். வீட்டாரிடமும் முதலாளியிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். இஷாவுக்குப் பின் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். கவலையும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவிலும் பகலிலும் பேசலாம். சிகிச்சை பெறுவது தவக்குலுக்கு முரணானதன்று.

நம்மிடம் மீண்டும் ஓர் இளைஞர் வந்தால், அவரை முதலில் அமரச் செய்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் உழைப்பில் பரக்கத்தையும் உள்ளங்களில் அமைதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.