நீர் நிதிக்குத் தகுதியுடையோர் யார்?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் வழங்கப்படும் நிதியைப் பெறும் தகுதி யாருக்கு உண்டு என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். இஃது எழுதுவினைஞர்களுக்குரிய விடயம் என நீங்கள் எண்ணலாம். நிதி எவ்வளவு என்றே யாவரும் கேட்கின்றனர். ஆனால், எந்த வீட்டு வாசலுக்குக் குழாய் வரும், எந்த வீட்டுப் பெண் பீலிக்கரையில் காத்து நிற்பாள் என்பதை விண்ணப்பப் பத்திரத்தில் தகுதி பற்றிய இரண்டு வரிகளே தீர்த்துவிடுகின்றன.

உலக வங்கியின் கடனுதவியுடன் 1993 முதல் 1998 வரை பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய 3 மாவட்டங்களில் சமுதாய நீர்வழங்கல், சுகாதாரத் திட்டம் ஒன்று நடைபெற்றது. ஊரவர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தல் வேண்டும். மூலதனச் செலவில் 20 வீதத்தையேனும் பணமாகவோ உழைப்பாகவோ தாமே கொடுத்தல் வேண்டும். பின்னர் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பே. இவையே அங்கு விதி. "ஏழையிடமும் பங்கு கேட்பதா?" என்று சினப்போர் உளர். நான் அவர் பக்கம் சாரேன். கான் வெட்டியவனுக்கே குழாய் எவ்வழி செல்கின்றது என்பது தெரியும். அது வெடித்த அன்று அவன் கொழும்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிரான், மண்வெட்டியை எடுப்பான். உழைப்பையும் பங்காக ஏற்கும் விதி, கையிற் காசில்லாதவனையும் உள்ளே விடுகின்றதன்றோ?

எனது வழக்கு வேறொரு விதியோடுதான். அதே பதுளையின் தேயிலைத் தோட்டங்களை நோக்குங்கள். லயத்து மக்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை, குறைவது காணி. தாங்கி கட்டும் நிலமும், குழாய் செல்லும் நிலமும், மலசலகூடக் குழி தோண்டும் நிலமும் அவர்களுடையனவல்ல. குழி நிரம்பிவிட்டால் வேறோரிடத்தில் தோண்டவும் துரையின் அனுமதி வேண்டும். மலைநாட்டு ஊற்றுகள் பல தோட்டக் காணிகளிலேயே பிறந்து கீழே கிராமங்களுக்கு ஓடுகின்றன என்பதையும் இடையே நினைவிற் கொள்ளுங்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து வாக்காளர் உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினர் அவர்களுக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தல் இயலாது! தனியார் காணியிற் பொதுப்பணத்தை இடலாகாது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் பெருந்தோட்டங்களிற் பெரும்பாலானவை 1972இலும் 1975இலும் அரசுடைமையாகிவிட்டன. கம்பனிகள் நிர்வாகத்தை ஏற்றது 1992இலேயே. ஆகவே அச்சட்டம் பிறந்த நாளில் அக்காணிகள் அரசின் கையிலேயே இருந்தன. இன்றும் கம்பனிகள் குத்தகைக்காரரே. அரசின் காணியிற் குடியிருப்பவனுக்கு அரசின் பணம் ஆகாது என்ற இந்நியாயத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் வாயிற்கதவைத் திறப்பது வேறு, உள்ளே இலை போட்டுப் பரிமாறுவது வேறு. கிராமங்களுக்கே போதாத நிதியுள்ள சபை, புதிதாக வந்தவனைப் பந்தியின் கடைசியில் உட்கார்த்துவது இயல்பு.

உறுதிப்பத்திரம் கேட்கும் இடத்தில், தலைமுறையாக அங்கு வாழ்ந்ததற்குச் சான்றாக வாக்காளர் இடாப்பையும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியையும் ஏற்றாலென்ன? ஒரு துரை வாய்மொழியாகத் தந்த அனுமதியை அடுத்த துரை மறுக்கலாம். ஆகையால் குத்தகை உள்ளவரை செல்லுபடியாகும் அனுமதியைக் கம்பனி எழுத்தில் தருதல் வேண்டும். இவற்றிற்கு ஒரு சதமும் செலவில்லை.

சங்கம் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்ற விதி மாத்திரம் நம் போன்றோர் கைக்கு எட்டியது. கூட்டக்குறிப்பு எழுதவும், கணக்கு வைக்கவும், வங்கியில் கணக்குத் திறக்கவும் லயத்து இளைஞருக்குத் துணை நிற்க ஓரிருவர் போதும். நம்முட் சிலருக்கு அங்கே உறவினர் உளர். அடுத்த விடுமுறைக்கு மலைநாடு செல்லும் அன்பர்கள், ஒரு குறிப்புப் புத்தகத்தையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் கூடவே எடுத்துச் செல்வார்களாக.