எதிரொலியைப் பயன்கொண்ட பேராசிரியர்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விப் பணி புரிந்துவரும் நம் சங்கத்தின் மேடையில், பொறியியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச விழைகின்றோம். அவர் 1944-ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்கள்.

பதினைந்தாம் வயதில் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் சேர்ந்த அவர், கடற்படை அதிகாரியானார். டெல்லி ஐ.ஐ.டி.யில் மேற்படிப்புப் படிக்கக் கடற்படையே அவரை அனுப்பியது. 1973-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971-ஆம் ஆண்டுப் போரில் 'குக்ரி' என்னும் நம் போர்க்கப்பல் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. நீருக்கடியில் மறைந்திருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியின் குறை அன்று வெளிப்பட்டது. அக்குறையைப் போக்கும் பணியில் பால்ராஜ் ஈடுபட்டார். கொச்சியில் அவர் தலைமையில் உருவான 'அப்சோ' சோனார் 1983-இல் கடற்படையில் இடம்பெற்றது.

1991-இல், நாற்பத்தேழாம் வயதில், அவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் மேற்கொண்டது கம்பியில்லாத் தகவல் தொடர்புத் துறை. சுவரிலும் கட்டடத்திலும் பட்டுச் சிதறும் வானலைகளைப் பொறியாளர்கள் பெருந்தொல்லையாகவே கருதிய காலம் அது. அந்தச் சிதறலையே பயனாக்கலாம் என்றார் பால்ராஜ்.

எவ்வாறு? ஒரே அலைவரிசையில், இரண்டு ஆண்டெனாக்கள் இரு வேறு செய்திகளை அனுப்புகின்றன என்று கொள்வோம். பெறும் இடத்திலும் இரண்டு ஆண்டெனாக்கள் உள்ளன. அலைகள் பல வழிகளில் சிதறி வருவதால், இரு செய்திகளும் ஒவ்வோர் ஆண்டெனாவிலும் வெவ்வேறு அளவில் கலந்து சேர்கின்றன. இரண்டு சமன்பாடுகளைக் கொண்டு தெரியாத இரண்டு எண்களைக் காண்பது பள்ளிக் கணக்கு. அம்முறையிலேயே கருவி இரு செய்திகளையும் பிரித்தெடுக்கிறது. கூடுதல் அலைவரிசை இன்றியே கூடுதல் செய்தி செல்கிறது. இதற்கு 'மைமோ' என்று பெயர்.

1992-இல் பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் காப்புரிமை கோரினார். 1994-இல் அது கிடைத்தது. தொடக்கத்தில் ஐயுற்றோர் பலர். இன்றோ வைஃபையிலும், நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளிலும் இம்முறையே இயங்குகின்றது. 2010-இல் பத்மபூஷண் விருதும், 2014-இல் மார்க்கோனி பரிசும் அவரை நாடி வந்தன.

இளைஞர்களே! கடலடியில் பல செவிகளால் ஒருங்கே கேட்கக் கற்ற கல்வி, காற்றுவெளியிலும் அவருக்குக் கைகொடுத்தது. கற்றது எதுவும் வீண்போவதில்லை. கணக்கில் ஒருமுறை தவறியமைக்காகப் படிப்பையே விட்ட பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு. அவர்கள் திரும்பி வருதல் வேண்டும்.

பெரியோர்களே! ஒன்றை மறத்தல் ஆகாது. பால்ராஜ் அவர்களின் உழைப்பு பெரிது. அவரை மேற்படிப்புக்கு அனுப்பிவைக்க ஓர் அமைப்பும் இருந்தது. அத்தகைய துணையின்றி நின்றுபோன அறிவு நம்மிடையே எத்துணை! கடற்படை அவருக்குச் செய்ததை, நம் சங்கம் நம் பிள்ளைகளுக்குச் செய்தல் வேண்டும். வெள்ளி விழாவில் நாம் ஏற்கும் உறுதி அதுவாகுக.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!