சிவசமுத்திரத்துக்கு வந்த இயந்திரங்கள்
(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

புது ஜெனரேட்டர் வாங்குவது பற்றி நாம் பல வாரங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எந்த கம்பெனி, எத்தனை கே.வி.ஏ., யாருடைய ஏ.எம்.சி. மலிவு என்றெல்லாம். அந்தப் பேச்சுக்கு உதவுமே என்று 120 வருடத்துக்கு முந்தைய ஒரு கொள்முதலைப் பற்றிச் சொல்கிறேன்.

மைசூர் சமஸ்தானத்தில் அப்போது சேஷாத்ரி ஐயர் திவான். நம் சென்னை மாகாணத்தின் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். அவரிடம் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜோலி டி லோத்பினியர் என்ற கனடாக்காரர், ராயல் இன்ஜினியர்ஸ் படை அதிகாரி. சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து அருவியாக விழுகிறதல்லவா, அந்த விசையில் மின்சாரம் எடுத்து கோலார் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்று 1899இல் அவர் யோசனை சொன்னார். தூரம் 92 மைல். நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு 1896இல் மின்சாரம் போனதை உலகமே வியந்து பார்த்தது. அந்தத் தூரம் 30 மைல்கூட இல்லை. திவான் சிரித்து அனுப்பியிருக்கலாம். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்.

லோத்பினியர் கேட்லாக் பார்த்து ஆர்டர் போடவில்லை. தயாரிப்பவர்களை நேரில் போய்ப் பார்த்தார். டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியிலிருந்து, மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து என்று முடிவானது.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. இயந்திரம் வருவதற்கு முன்பே வாங்குகிறவரைப் பிடித்துவிட்டார்கள். தங்கச் சுரங்கங்களை நிர்வகித்தது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். நீராவி இயந்திரங்களுக்கு எரிபொருள் வாங்கியே அவர்களுக்குச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்களிடம் ஒப்பந்தம் வாங்கிய பிறகுதான் சமஸ்தானம் துணிந்து பணம் போட்டது. கமிட்டி உறுப்பினர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கார்ப்பஸ் நிதியில் கைவைக்கும் முன் யார் மாதாமாதம் எவ்வளவு தருவார் என்று எழுதி வாங்குவது எல்லாக் காலத்திலும் சிரமமான வேலைதான்.

கப்பலில் வந்த கனத்த பாகங்கள் ரயிலில் மத்தூர் வரை வந்தன. அங்கிருந்து அருவிக்குச் சுமார் 30 மைல். மாட்டு வண்டிகளும் யானைகளும் இழுத்துச் சேர்த்தன. 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. அதைப் பார்க்க சேஷாத்ரி ஐயர் இல்லை. முந்தைய செப்டம்பரில் காலமாகிவிட்டார். பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது மூன்று வருடம் கழித்து, 1905 ஆகஸ்டில். முதலில் சுரங்கம், பிறகுதான் ஊர். ஒப்பந்தம் போட்டவருக்குத்தானே முன்னுரிமை! சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு கவனமாகத் திட்டமிட்டவர்களுக்கு இடித்தது தண்ணீர். சுரங்கங்கள் இன்னும் மின்சாரம் கேட்டன, இயந்திரங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். காவிரியோ கோடையில் மெலிந்துவிடும். இயந்திரம் எத்தனை இருந்தாலும் ஓட நீர் வேண்டுமே. ஆண்டு முழுவதும் சிவசமுத்திரத்துக்குச் சீராகத் தண்ணீர் விட மேலே ஒரு அணை தேவைப்பட்டது. 1911இல் கண்ணம்பாடியில் வேலை தொடங்கியது. இன்று நாம் கிருஷ்ணராஜ சாகர் என்று அறியும் அணை அது. பாசனம் அதன் இன்னொரு நோக்கம்.

சென்னை அரசு சும்மா இருக்கவில்லை. அணை உயர்ந்தால் தஞ்சாவூர் டெல்டா காயும் என்றது. மைசூர் புது அணை கட்டுவதென்றால் சென்னையின் சம்மதம் வேண்டும் என்று 1892 ஒப்பந்தம் வேறு இருந்தது. 1914இல் நடுவர் கிரிஃபின் தீர்ப்பளித்தார். சென்னை ஏற்கவில்லை, விவகாரம் லண்டன் வரை போயிற்று. கடைசியில் 1924இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன் சில பிரிவுகளை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதினார்கள். அந்த 50 ஆண்டு 1974இல் முடிந்தது; அதற்குப் பிந்தைய கதையை நீங்கள் ஒவ்வொரு ஜூன் மாதமும் பேப்பரில் படிக்கிறீர்கள்.

ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே வைப்பது, யார் நிரப்புவது என்ற கேள்வி இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.