மூன்றாம் நாள், ஏழாம் நாள்: வாசலில் நிற்கும் நர்சம்மா
(திருவக்கரையில் நடந்த தாய்மார் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

நேற்று பௌர்ணமி. வக்கிரகாளியம்மன் கோயிலில் ராத்திரி ஜோதி பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள், தெரிகிறது. வந்திருக்கும் மாமியார்களுக்குத் தனி வணக்கம். இன்றைய பேச்சு பெரும்பாலும் உங்களிடம்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவரை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தால், ஏழாம் நாளில் வீட்டுப் பார்வை தொடங்கும். எதற்கு இத்தனை நடை? பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே போய்விடுகிறார்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் பச்சிளம் குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள். அங்கே பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் ஆய்வு வெளியானது. 2011-ல் இந்திய அரசு இதை நாடு முழுக்க எடுத்துக்கொண்டது.

ஆனால் இங்கே என்ன நடக்கிறது? “தீட்டு வீடும்மா, திருஷ்டி படும், எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், போயிட்டு வாங்க.” வாசலோடு அனுப்பிவிடுவீர்கள்.

ஒரு வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். நான் கிளம்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். பாட்டியம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நானும் ஒரு கொத்தை எடுத்தேன். அரைமணி நேரம் பேரன் யார் ஜாடை என்றுதான் பேச்சு. பிறகு அவரே, “காலையிலிருந்து தூங்கிக்கிட்டே இருக்கான், சமத்துப் பிள்ளை” என்றார். எனக்குத் திக்கென்றது. நான் குழந்தையைத் தொடவில்லை. “நீங்களே மடியில வச்சு துணிய விலக்குங்க ஆயா” என்றேன். பாதம் சில்லென்று இருந்தது, பால் சப்பவும் இல்லை. 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்தான். இப்போது அந்த ஆயாதான் தெருவில் யார் வீட்டில் பிரசவம் என்று எனக்குப் போன் செய்கிறார்.

பால் குடிக்காமல் தூங்குவது, உடம்பு சில்லிடுவது, காய்ச்சல், வேகமாக மூச்சு வாங்குவது, தொப்புளில் சீழ், உள்ளங்கால் வரை மஞ்சள். இதில் ஒன்று இருந்தாலும் நாள் பார்க்காதீர்கள். தாய்க்கு அதிக உதிரப்போக்கு, காய்ச்சல், கண் மங்கும் தலைவலி என்றாலும் அப்படியே. சேனை வைப்பதும், மூக்கில் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் வேண்டாம். இதைச் சொன்னால் கோபம் வருகிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. உள்ளே வந்ததும் போனைத் தட்டிக்கொண்டு ஆதார், வங்கிக் கணக்கு என்று கேட்டால் யாருக்குப் பிடிக்கும்? குவாரி வேலைக்குப் போகிறவர் வீட்டுக்குப் பதினொரு மணிக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் நடக்கிறது. உங்களுக்கு எந்த நேரம் வசதி என்று சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல். பாதிப் பேர் பிரசவத்துக்கு ஜிப்மர் போகிறீர்கள், இல்லையென்றால் முண்டியம்பாக்கம், திண்டிவனம். முடிந்ததும் நேரே தாய் வீடு. புதுச்சேரி எல்லையைத் தாண்டிவிட்டால் இந்த ஊர் நர்சுக்கும் தெரியாது, அந்த ஊர் நர்சுக்கும் தெரியாது. எடை குறைந்த பிள்ளைதான் பலமுறை இப்படி விட்டுப்போகிறது. பையைக் கட்டும்போதே எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு வாட்ஸ்அப் போடுங்கள். அந்த ஊர் செவிலியருக்கு நான் சொல்லிவிடுவேன். தாய் சேய் அட்டையையும் ஆர்.சி.எச். எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போன் நம்பர். பதிவில் வீட்டுக்காரர் நம்பர் இருக்கிறது, அவரோ லாரியோடு சென்னையில் இருக்கிறார். பகலில் வீட்டில் இருப்பவர் நம்பர்தான் எனக்கு வேண்டும். நோட்டும் பேனாவும் வாசலில் வைத்திருக்கிறேன், எழுதிவிட்டு டீ குடியுங்கள்.