சித்தர்மலை எழுத்து

நிலக்கோட்டை வட்டத்தில், வைகைக் கரைப் பக்கம் மேட்டுப்பட்டி சித்தர்மலை இருக்கிறது. அங்குள்ள குகைத்தளத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள். அவற்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழ் பிராமி எழுத்துகள். மதுரை என்ற பெயரின் பழைய வடிவமான 'மதிரை'யும் அவற்றில் உண்டு.

இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924-இல் சென்னையில் கட்டுரை வாசித்தார் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். பின்னர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் மலைமலையாக ஏறி இவற்றைப் படியெடுத்து, 2003-இல் பெருநூலாகத் தந்தார்.

நீங்களும் இப்படி ஒரு குகையைப் பார்த்தால் அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். ஊர், மலை, தேதி குறியுங்கள். எழுத்தின் மேல் சாக்பீஸ் தடவாதீர்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எழுத்து தானே எழுந்து நிற்கும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதே அந்தக் கல்லுக்கு நாம் செய்யும் மரியாதை.